பாட்டி, 8 வயதுப் பையன், 15 வயதுப் பெண், சண்டைப் படப் பிரியர்: எல்லோரும் சேர்ந்து பார்க்க எந்தப் படம்?

செங்காங்வாசி:

வணக்கம். சிங்கப்பூரில் ஜூன் விடுமுறைக்கு மூன்று தமிழ்ப் படங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வீட்டில் பார்க்க, ஒன்று தியேட்டரில். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்தவையாக இருந்தால் நல்லது.

பார்க்கப்போகிறவர்கள்: மாமியார் (74 வயது, காது கொஞ்சம் மந்தம்), தொடக்கநிலை 2 படிக்கும் மகன், உயர்நிலை 3 படிக்கும் மகள் (15), சண்டைப் படம்தான் வேண்டும் என்கிற கணவர். ஒரு நாள் மட்டும் தங்கையும் அவள் கணவரும் வருவார்கள். தங்கை கணவர் சீனர், தமிழ் தெரியாது.

வெட்டுக்குத்து, இரட்டை அர்த்த வசனம் இரண்டும் வேண்டாம். அழவைக்கும் படம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "குடும்பத்தோடு பார்க்கலாம்" என்று யூடியூபில் சொல்வதை நம்பலாமா? தரச்சான்றை எப்படிப் புரிந்துகொள்வது?

---

தேக்கா ரசிகன்:

தரச்சான்றிலிருந்தே தொடங்குங்கள். யூடியூப் விமர்சனம் பெரும்பாலும் இந்தியச் சான்றிதழை வைத்துப் பேசும். நம் ஊர்ச் சான்று வேறு.

இந்தியாவில் யு, யுஏ, ஏ என்று இருந்தது. 2024 கடைசியிலிருந்து யுஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கே யுஏ 16+ என்பது பெற்றோருக்கான எச்சரிக்கைதான். அப்பா அம்மா கூட்டிப்போனால் 8 வயதுப் பையனும் உள்ளே போகலாம். இங்கே என்சி16 என்பது தடை. 16 வயது நிறையாத யாரும் உள்ளே போக முடியாது. பெற்றோர் கூட இருந்தாலும் முடியாது, தூங்குகிற கைக்குழந்தைக்கும் அதே விதிதான். உங்கள் மகள் 15 என்பதால் அவளும் வெளியேதான். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். டிக்கெட் வாங்கிவிட்டு அங்கே போய் மாட்டிக்கொண்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது பிஜி13-இல்தான். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆலோசனை மட்டுமே, எந்த வயதுக் குழந்தையையும் விடுவார்கள். அதாவது, உங்கள் 8 வயது மகனுக்கு அது ஏற்றதா என்று முடிவு செய்வதை உங்களிடமே விட்டிருக்கிறார்கள். ஜி, பிஜி என்று வந்தால் பெரிய கவலை வேண்டாம். எம்18, ஆர்21 (18, 21 வயது நிறையாதவர்களுக்குத் தடை) பக்கம் இந்தக் குழுவோடு போக வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: ஐஎம்டிஏ (இங்கே படங்களுக்குச் சான்று தரும் அரசு ஆணையம்) இணையத்தளத்தில் திரைப்படத் தரவகைப்பாட்டுத் தேடல் இருக்கிறது. படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தமிழ்ப் பெயர்களை ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். ழகரத்துக்கு இசட்-ஹெச் ஒருவர் போடுவார், எல் ஒருவர் போடுவார், "ஆ" வந்தால் ஏ ஒன்றா இரண்டா என்று குழப்பம் இருக்கும். வரவில்லை என்றால் படமே இல்லை என்று முடிவு கட்டாமல் எழுத்தை மாற்றிப் பாருங்கள். வந்த பிறகு சான்றுக்குப் பக்கத்திலுள்ள குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். "வன்முறை", "கடுமொழி", "பாலியல் குறிப்புகள்" என்று ஒரே வரியில்தான் இருக்கும். ஆனால் பிஜி13 வாங்கிய இரண்டு படங்களில் ஒன்று வன்முறைக்காகவும் இன்னொன்று வசனத்துக்காகவும் வாங்கியிருக்கும். உங்கள் மகனுக்கு அந்த இரண்டும் ஒன்றல்ல.

---

பின்வரிசை:

அண்ணன் சான்றைச் சொல்லிவிட்டார், நான் படங்களைச் சொல்கிறேன். என் கருத்தில், மூன்று தலைமுறை ரசனையும் ஒரே படத்தில் கூடுவது அபூர்வம். அதனால் வீட்டிலேயே சின்னவர் யாரோ அவர் பயப்படாத படத்தை முதலில் பிரித்து எடுங்கள். அதற்குள் பெரியவர்களுக்குப் பிடித்ததைத் தேடுங்கள். பெரியவர்களுக்குப் பிடித்த படத்தை எடுத்துவிட்டு நடுவில் பையனின் கண்ணைப் பொத்துவது பலிக்காது. காதில் விழுகிற சத்தமே போதும், அவன் இரவில் தூங்க மாட்டான்.

முதல் தேர்வு டூரிஸ்ட் ஃபேமிலி (2025). சசிகுமார், சிம்ரன். இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழும் குடும்பம். ஈழத் தமிழ் பேசினால் அடையாளம் தெரிந்துவிடும் என்பதுதான் நகைச்சுவைக்கும் பதற்றத்துக்கும் அடிப்படை. சின்ன மகனாக வரும் பையன் சிரிக்க வைக்கிற இடங்கள் உங்கள் மகனுக்குப் புரியும். மாமியாருக்கு அக்கம்பக்கத்து வீட்டுக் காட்சிகள் பிடிக்கும். படம் இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், எட்டு வயதுக்கு அது பெரிய வசதி. அழ வைக்கும் இடம் உண்டு, ஒரு முதியவரின் மரணத்தை ஒட்டி. மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கணவருக்கு மட்டும் இதில் சண்டை கிடைக்காது.

இரண்டாவது பறந்து போ (2025). ராம் இயக்கம், சிவா நடிப்பு. தவணை கட்ட ஓடுகிற அப்பாவும், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பையனும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். குட்டிக் குட்டிப் பாடல்களாக வந்துகொண்டே இருக்கும், வில்லனே கிடையாது. தொடக்கநிலைப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதைப் போட்டால் பையன் அப்பாவைப் பார்ப்பான், அப்பா திரையைப் பார்ப்பார். எனக்கு மிகவும் பிடித்த படம், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேனோ என்னவோ. ஒரு எச்சரிக்கை: கதை வேகமாக ஓடாது. "அடுத்து என்ன நடக்கும்" என்று கேட்கிறவர்களுக்குப் பொறுமை தேவை.

மெய்யழகனை (2024) எல்லோரும் குடும்பப் படம் என்று சிபாரிசு செய்வார்கள். கார்த்தியும் அரவிந்த்சாமியும் ஓர் இரவு முழுக்கப் பேசுவதுதான் படம். மாமியாருக்குக் கட்டாயம் பிடிக்கும், தஞ்சைப் பக்கம் சொந்தம் இருந்தால் இன்னும் பிடிக்கும். ஆனால் படம் மூன்று மணிக்கு நெருக்கமாக வந்து, நீளம் என்று பேச்சு எழுந்ததால் வெளியான பிறகு 18 நிமிடம் குறைத்தார்கள். குறைத்த பிறகும் 8 வயதுப் பையனுக்கு அது நீளம்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் மட்டும் பாருங்கள்.

3 பிஎச்கே (2025) அதே மாதிரி. சரத்குமார், தேவயானி, சித்தார்த். சொந்த வீடு வாங்க ஒரு குடும்பம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படும் பாடு. சண்டை, ஆபாசம் ஒன்றும் இல்லை, ஆனாலும் மனம் கனக்கும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குக் குலுக்கல் போட்டுக் காத்திருக்கும் இளம் தம்பதியருக்கு இதைச் சிபாரிசு செய்வேன். விடுமுறையில் சிரிக்க வந்தவர்களுக்கு வேண்டாம்.

உயர்நிலை 3 பெண்ணுக்கு லப்பர் பந்து (2024). உள்ளூர் கிரிக்கெட், இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே ஈகோ, ஒருவரின் மகளை மற்றவர் காதலிக்கிறார். சாதியைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் மேடை போட்டுப் பேசாது. அந்த மகளின் அப்பாவாக வரும் தினேஷ் மட்டையோடு இறங்கும்போதெல்லாம் விஜயகாந்தின் பழைய பாட்டு ஒலிக்கும். உங்கள் மாமியாருக்கு அது ஒன்றே போதும். பையனுக்குக் கிரிக்கெட் தெரியாவிட்டால் பாதியில் எழுந்து போவான், போகட்டும், கெட்டது ஒன்றுமில்லை.

---

மேட்டினி:

சண்டைப் பிரியருக்காக நான் பேசுகிறேன், பாவம் அவரை எல்லோரும் ஒதுக்குகிறீர்கள்.

சண்டையும் வேண்டும், பையனும் உட்கார வேண்டும் என்றால் மாவீரன் (2023). சிவகார்த்திகேயன் பயந்தாங்கொள்ளி ஓவியர். அவர் வரையும் சித்திரக்கதை வீரன் குரலாக அவர் காதில் பேசுகிறான் (குரல் விஜய் சேதுபதி). அந்தக் குரல் முன்கூட்டிச் சொல்வதும், இவர் விருப்பமில்லாமல் அடிப்பதும்தான் சண்டையின் நகைச்சுவை. இடிந்து விழும் நிலையில் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி என்கிற கதைக்கரு பெரியவர்களுக்கு. நீளம் இரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டி இருக்கும். அதனால் பாதியில் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு மீதியைப் பாருங்கள்.

அயலான் (2024) பையனுக்கானது. வேற்றுக்கிரகவாசி, கிராமத்து இளைஞன், பூமியைத் துளைக்கும் வில்லன். பெரியவர்களுக்குத் திரைக்கதை தட்டையாகத் தெரியும். 6 முதல் 10 வயதுக்கு வேறு தமிழ்ப் படம் இந்த அளவுக்குப் பொருந்தாது.

இனி வேண்டாம் என்பதைச் சொல்கிறேன், இது முக்கியம். "ஆக்‌ஷன் காமெடி" என்ற பெயரைப் பார்த்து ஜெயிலரை (2023) போட்டுவிடாதீர்கள். ரஜினி, பேரன், யோகிபாபு என்று தொடங்கும். பிறகு தலை துண்டாகும் காட்சியே வரும். அதன் இயக்குநர் நெல்சனின் படங்களில் சிரிப்பும் ரத்தமும் ஒரே காட்சிக்குள் இருக்கும், அதுதான் அவர் பாணி. இயக்குநரின் முந்தைய இரண்டு படங்களைப் பார்த்தாலே அடுத்தது எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். முன்னோட்டத்தைவிட அது நம்பகமான வழி. ரஜினியின் கூலி படத்துக்கு (2025) இந்தியாவிலேயே ஏ சான்றிதழ். அதை மாற்றக் கேட்டு நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. மகாராஜா (2024) பிரமாதமான திரைக்கதை, சந்தேகமே இல்லை. குப்பைத்தொட்டி காணாமல் போனது என்று சிரிப்பாகத் தொடங்கும். முடிவில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த பாலியல் கொடுமையில் போய் நிற்கும். முன்னோட்டத்தில் இது தெரியாது. பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டு நிறுத்தவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் தவிக்கும் படம் இது.

அமரன் (2024) நடுவில் நிற்கிறது. மேஜர் முகுந்த் வரதராஜனின் உண்மைக் கதை. அவர் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்தார், அசோகச் சக்கரம் பெற்றார். அதனால் முடிவு தெரிந்தே பார்ப்பீர்கள். துப்பாக்கிச் சண்டை நிஜமாகவே கனமானது, ரத்தம் உண்டு. 15 வயது மகளுக்கும் கணவருக்கும் சரி, சாய் பல்லவியின் நடிப்புக்காகவே பார்க்கலாம். எட்டு வயதுக்கு வேண்டாம். இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், கடைசி அரைமணியில் அழாமல் இருப்பது கடினம்.

இரட்டை அர்த்தம் வேண்டாம் என்றீர்கள். மத கஜ ராஜா பத்து ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்து 2025 பொங்கலுக்கு வந்தது. சந்தானம் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார், ஆனால் நீங்கள் வேண்டாம் என்று சொன்னது அதில் நிறையவே உண்டு.

---

செங்காங்வாசி:

மிக்க நன்றி, மூவருக்கும். அப்படியென்றால் வீட்டில் டூரிஸ்ட் ஃபேமிலியும் மாவீரனும் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். தங்கை கணவருக்கு எந்தப் படத்தைப் போடுவது? மாமியாருக்கு டிவியில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை என்கிறார். தியேட்டருக்கு எந்தக் காட்சி எடுப்பது?

---

பின்வரிசை:

தங்கை கணவருக்கு மாவீரனைப் போடுங்கள். திரையின் கீழே ஆங்கில எழுத்து (சப்டைட்டில்) ஓடினாலும், மொழி விளையாட்டை நம்பியுள்ள நகைச்சுவை எழுத்தில் பாதி செத்துவிடும். டூரிஸ்ட் ஃபேமிலியில் ஈழத் தமிழுக்கும் சென்னைத் தமிழுக்கும் உள்ள வேறுபாடுதான் உயிர். எழுத்தில் இரண்டும் ஒரே ஆங்கிலமாகத்தான் வரும். மாவீரனில் ஒரு குரல் சொல்கிறது, உடல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அது கண்ணாலேயே புரியும். குடும்பஸ்தன் (2025) எனக்குப் பிடித்த நகைச்சுவைப் படம்தான், ஆனால் கோவைப் பேச்சு வேகத்தில் வசனத்துக்கு மேல் வசனம் விழும். எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

---

புக்கிட் பாத்தோக் அக்கா:

டிவி சத்தம் பற்றி. படத்தின் ஒலி 5.1 ஆக (ஆறு தடங்களாகப் பிரிந்து) வந்தால் வசனம் நடு ஒலிபெருக்கிக்கு என்று தனியாக வரும். உங்கள் டிவியில் நடு ஒலிபெருக்கி இல்லை. இரண்டு பக்கமும் கலந்து வரும்போது வசனம் அமுங்கி இசை எழும்பும். டிவியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று மாற்றுங்கள். வசனத்தைத் தெளிவாக்கும் தெரிவு பல டிவிகளில் இருக்கிறது, அதைப் போடுங்கள். "சினிமா" ஒலி முறையை அணைத்துவிடுங்கள், அது தாழ்ந்த ஒலியை இன்னும் கூட்டும். அதோடு எழுத்தையும் ஓடவிடுங்கள். தமிழ் எழுத்து இருந்தால் மாமியாருக்கு அதுவே பாதி உதவி, ஆனால் பல தளங்களில் ஆங்கிலம் மட்டும்தான் கிடைக்கும்.

படத்தைத் திறந்ததும் எந்த மொழியில் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரே படம் தமிழ், தெலுங்கு, இந்தி என்று தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கும், தேடலில் முதலில் வருவது தமிழாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாயசைவு பொருந்தவில்லை என்றால் மொழிமாற்றுப் பதிப்பில் இருக்கிறீர்கள், வெளியே வந்து தமிழ்ப் பதிப்பைத் தேடுங்கள். இந்தியாவில் ஒரு தளத்தில் இருக்கும் படம் இங்கே அதே தளத்தில் இருக்காது. உரிமையை நாடுவாரியாக விற்கிறார்கள். வெளிநாட்டுத் தமிழர்களுக்கென்றே டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் இருக்கின்றன, அங்கேயும் தேடுங்கள். விருந்தாளி வரும் அன்று தேடாமல் முதல் நாளே தேடி, ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எழுத்து வருகிறதா, ஒலி சரியா என்று அப்போதே தெரிந்துவிடும்.

நெட்ஃபிளிக்ஸில் பையனுக்கு வயது வரம்பு போடுவது எளிது. கணக்கு அமைப்பில் அவன் பெயரைத் திறந்து பார்வைக் கட்டுப்பாட்டுக்குப் போய் வயதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், குறிப்பிட்ட படத்தைப் பெயர் சொல்லியும் தடுக்கலாம். பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுவார்கள். பையன் ஒரு தட்டுத் தட்டி அப்பாவின் பெயருக்குள் போய்விடுவான், போட்ட தடை பயனற்றது. அதனால் பெரியவர்கள் பெயர்களுக்கு நான்கு இலக்கப் பூட்டும் போட வேண்டும். பிறந்த ஆண்டை எண்ணாக வைக்காதீர்கள்.

தியேட்டருக்குக் காட்சி நேரம்தான் பெரிய கணக்கு. தமிழ்ப் படம் 165 நிமிடம் என்றால் விளம்பரம், முன்னோட்டம் 10 முதல் 15 நிமிடம் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 9.15 காட்சி முடிய நள்ளிரவைத் தாண்டும், கடைசி எம்ஆர்டி ரயில் போயிருக்கும். அந்த நேரத்தில் ஐந்து பேருக்கு வாடகைக் கார் ஒன்றும் போதாது. பிற்பகல் 3 மணிக்கு முந்தைய காட்சியாக எடுங்கள். மாமியார் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பலாம், பையனுக்கும் தூக்கம் வராது.

இங்கே பல காட்சிகளில் இடைவேளை விடுவதில்லை. திரையில் "இடைவேளை" என்று எழுத்து வந்து போகும், விளக்கு எரியாது, படம் தொடரும். அந்த எழுத்து வந்ததும் கழிவறைக்குக் கூட்டிப் போங்கள். இரண்டாம் பாதியின் முதல் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலும் பாட்டோ பழைய கதையோதான் வரும், இழப்பு குறைவு. அதற்காகவே ஓர இருக்கையை மாமியாருக்கும் பையனுக்கும் எடுங்கள். வரிசை பின்பக்கமாக, நடைபாதைக்குப் பக்கத்தில். முதல் நான்கு வரிசை பையன் கழுத்துக்கும் ஆகாது, எழுத்துப் படிப்பவருக்கும் ஆகாது. குளிர் அதிகம், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நாயகன் படத்துக்கு முதல் நாள், முதல் வார இறுதிக் காட்சிகளில் விசிலும் கைதட்டலும் இருக்கும். கணவருக்கு அது விருந்து, காது மந்தமானவருக்கு வசனமே கேட்காது. இரண்டாம் வாரத்தில் போங்கள்.

---

தேக்கா ரசிகன்:

அக்கா சொன்ன இரண்டாம் வாரத்துக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய படம் என்றால் சரி, அப்போதும் நல்ல நேரக் காட்சி இருக்கும். சின்னப் படங்களுக்கு இரண்டாம் வாரத்தில் காட்சிகள் சட்டென்று குறைந்து, ஒன்றிரண்டு அரங்கில் இரவு 10 மணிக்கு மட்டும் ஓடும். டூரிஸ்ட் ஃபேமிலி மாதிரி நட்சத்திரம் குறைந்த படத்தைத் தியேட்டரில் பார்க்க நினைத்தால் முதல் வார ஞாயிறு மதியம் போய்விடுங்கள். கூட்டமும் குறைவாகத்தான் இருக்கும். அடுத்த வாரக் காட்சிகள் செவ்வாய், புதன் வாக்கில் அரங்குகளின் தளங்களில் ஏறும், அப்போது பாருங்கள். டிக்கெட் வாங்கும் பக்கத்திலும் சான்று இருக்கும். பிஜி, பிஜி13 என்று இருந்தால் குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். என்சி16 என்று இருந்தால் கணவருக்கு மட்டும் ஒரு டிக்கெட் போதும்.